சிகாகோவின் பண்டகசாலை: மார்ஷல் ஃபீல்டு ஸ்தாபனத்தின் வளர்ச்சியும் க்ஷீணமும்

1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி இரவு சிகாகோ நகரில் மூண்ட பெருந்தீ, ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்களை வீடற்றவர்களாக்கி, வர்த்தக வீதிகளைச் சாம்பலாக்கி அடங்கிய சில நாட்களுக்குள், ஸ்டேட் வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் இடிபாடுகளுக்கு நடுவே கையால் எழுதிய பலகை ஒன்று நாட்டப்பட்டிருந்தது. கல்லாவுக்குக் காசு கொண்டோடும் பையன்களுக்கும், தையல் முதலிய வேலைகள் செய்த பெண்களுக்கும் சேரவேண்டிய கூலி, 16ஆம் தேதி திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, குறிப்பிட்ட ஒரு விலாசத்தில் கொடுக்கப்படும் என்பதே அப்பலகை தெரிவித்த செய்தி. நகரமே கிடந்து புகையும் வேளையில், கடைச் சிப்பந்திகளிலெல்லாம் கடைசிப் படியில் இருந்த சிறுவரின் கூலியை நினைவில் வைத்திருந்த அந்த ஸ்தாபனம், பிற்காலத்தில் மார்ஷல் ஃபீல்டு என்ற பெயரால் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசமெங்கும் பிரசித்தி பெற்றது. அதன் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், கட்டடங்களையும் வரவு செலவுகளையும்விட, அந்தப் பலகையில் வெளிப்பட்ட நாணயத்தையே முதலாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த நாணயத்துக்கு வித்திட்டவர் பாட்டர் பால்மர் என்னும் வணிகர். 1852இல் லேக் வீதியில் அவர் கடை திறந்த காலத்தில், சிகாகோ சேறு நிறைந்த தெருக்களைக் கொண்ட எல்லைப்புற ஊராகவே இருந்தது. கடைக்கு வரும் பெண்மணிகள் துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்த்து, மனத்துக்குப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அவர் வகுத்த வழக்கம், வாங்கியவன் தலையிலேயே சரக்கின் குற்றங்களைக் கட்டிவந்த அக்காலச் சந்தைக்கு முற்றிலும் புதியது. மாஸசூஸெட்ஸில் கான்வே என்ற ஊரை அடுத்த குடியானவர் குடும்பத்தில் 1834இல் பிறந்து, 1856இல் சிகாகோவுக்கு வந்து, ஒரு மொத்த வியாபாரக் கடையில் குமாஸ்தாவாக அமர்ந்த மார்ஷல் ஃபீல்டு, 1865இல் லீவை லைட்டர் என்பவரோடு சேர்ந்து பால்மரின் கூட்டாளியானார். பால்மர் விரைவிலேயே விலகி, ஸ்டேட் வீதியை நகரத்தின் பிரதான வீதியாக்கும் முயற்சியில் இறங்கி, அங்கே தாம் எழுப்பிய சலவைக்கல் மாளிகையை 1868இல் இவர்களுக்கே வாடகைக்கு விட்டார்.

அம்மாளிகைதான் மூன்றாண்டுகளில் நெருப்புக்கு இரையாயிற்று. சிப்பந்திகள் கம்பளிப் போர்வைகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டும், சரக்குகளை வண்டிகளில் ஏற்றி ஏரிக்கரைப் பக்கம் அப்புறப்படுத்தியும் அரும்பாடுபட்டதனால், பெரும்பகுதிச் சரக்கு தப்பியது. சில வாரங்களுக்குள் குதிரை டிராம் வண்டிகளின் கொட்டகை ஒன்றில் வியாபாரம் மீண்டும் தொடங்கியது. 1877இல் இரண்டாம் முறையும் கடை எரிந்தது. தையல் இயந்திரத்தால் செல்வம் திரட்டிய சிங்கர் கம்பெனி அதே மனையில் புதிய கட்டடம் எழுப்பி 7 லட்சம் டாலர் விலை சொல்ல, 5 லட்சத்துக்குமேல் தரமாட்டேன் என்று ஃபீல்டு பிடிவாதம் பிடித்தார். கட்டடம் போட்டியாளருக்குக் குத்தகையாகிவிடவே, கேட்ட விலையோடு குத்தகைதாரருக்கு 1 லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் தம் பழைய மூலையை அவரால் மீட்க முடிந்தது. காசு விஷயத்தில் கடுமையான அந்த மனிதர் இவ்வளவு கொடுக்கத் துணிந்ததிலிருந்து, ஜனங்களின் கால்கள் பழகிவிட்ட இடம் எத்தகைய சொத்து என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்று கொள்ளலாம். 1881இல் லைட்டரும் பங்கை விற்று விலகவே, கடை ஒருவர் பெயரில் நின்றது.

இன்று சில்லறைக் கடையையே ஜனங்கள் நினைவுகூர்ந்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரையில் ஃபீல்டின் ஐசுவரியத்துக்கு ஊற்றாக இருந்தது மொத்த வியாபாரமே. நாற்புறமும் சென்ற ரயில் பாதைகளின் வழியே நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் கடைக்காரர்கள் சிகாகோவுக்கு வந்து, கடனுக்குத் துணியும் நூலும் பொத்தானும் கொள்முதல் செய்துகொண்டு போனார்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்ஸன் ரிச்சர்ட்ஸன் அவ்வியாபாரத்துக்கென்று வகுத்து 1887இல் முடிந்த கல் மாளிகை, அமெரிக்கக் கட்டடக் கலையின் சிகரங்களுள் ஒன்றென்று இன்றும் போற்றப்படுகிறது. அம்மாளிகை 1930இல் இடிக்கப்பட்டது.

சில்லறைப் பகுதிக்குப் பொலிவூட்டியவர் ஹாரி கார்டன் ஸெல்ஃப்ரிட்ஜ். மலிவுச் சரக்குக்கென்று நிலவறைப் பகுதியும், கடைக்கு வரும் பெண்கள் பசியோடு வீடு திரும்பாதபடி 1890இல் ஒரு தேநீர் அறையும் திறக்கப்பட்டன. துணையின்றி ஒரு பெண் வெளியே உட்கார்ந்து உண்பது கௌரவக் குறைவென்று எண்ணப்பட்ட நாளில், அச்சிறு அறை செய்த சமூக மாறுதல் சாமானியமன்று. ஸெல்ஃப்ரிட்ஜ் பின்னர் லண்டன் சென்று, 1909இல் தம் பெயரிலேயே பெருங்கடை நிறுவினார்.

1893இல் நடந்த உலகக் கண்காட்சி கோடிக்கணக்கான பார்வையாளரைச் சிகாகோவுக்கு இழுத்தது. அவ்வாண்டில் ஸ்டேட் வீதிக் கடையும் விரிவடைந்தது. திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு கடல் கடந்த சுவாமி விவேகானந்தர், அதே ஆண்டு செப்டம்பரில் சர்வமதப் பேரவையில் பேசிய கட்டடமும் அவ்வீதியிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேதான் இருக்கிறது. கண்காட்சியில் சேர்ந்த பொருள்களைக் கொண்டு ஒரு பொருட்காட்சிசாலை அமைக்க ஃபீல்டு 10 லட்சம் டாலர் அளித்தார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய கொடையைச் சொல்லும் ஆராய்ச்சியாளன் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. 1886இல் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டின் பேரில் தொழிலாளர் தலைவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நகரத்தின் செல்வர்களிற் சிலர் கருணை காட்டலாம் என்று கருதிய சமயத்தில், ஃபீல்டு அதை உறுதியாக எதிர்த்தார். தொழிற்சங்கம் என்ற சொல்லையே அவர் சகிக்கவில்லை. தனித்தனிச் சிப்பந்திக்குக் கூலியைத் தவறாமல் கொடுத்த அதே கை, அவர்கள் கூட்டாகக் கேட்க முற்பட்டபோது இறுகி மூடிக்கொண்டது.

1906 ஜனவரி 16ஆம் தேதி அவர் சுரம் கண்டு இறந்தார். தலைமையேற்ற ஜான் ஷெட் காலத்தில், 1907இல் திறக்கப்பட்ட புதிய பகுதிதான் ஸ்தாபனத்தின் உச்சநிலை. உள்முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஐந்து மாடி உயரத்துக்கு மேலே, டிஃபனி கலைஞர் அமைத்த கண்ணாடிச் சில்லு விதானம் கவிந்திருக்கும்: 6,000 சதுர அடிப் பரப்பில் 16 லட்சம் சில்லுகள், நீலமும் பொன்னுமாக, பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் தாமும் நிறம் மாறுவனபோல் மின்னும். கீழே துணி அளக்கும் மேஜைகள். வெளியே தெருமூலையில் பிரம்மாண்டமான வெண்கலக் கடிகாரம். 'கடிகாரத்தின் அடியில் சந்திப்போம்' என்றாலே சிகாகோவாசிகளுக்கு இடம் விளங்கிவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் கடையின் உணவகமான வால்நட் அறையில் நிறுத்தப்படும் மரத்தைக் காணப் பாட்டியும் தாயும் பேத்தியுமாக வந்து உண்டு செல்வது மூன்று நான்கு தலைமுறைகளின் சம்பிரதாயம்.

க்ஷீணம் மொத்த வியாபாரத்தில்தான் முதலில் கண்டது. மாண்ட்கோமரி வார்டு, ஸியர்ஸ் முதலியோர் தபால் மூலம் நேரே குடியானவர் வீட்டுக்கே சரக்கனுப்பினார்கள். மோட்டார் வண்டி வந்தபின் அக்குடியானவர் தாமே பெரிய ஊருக்குப் போய் வாங்கத் தலைப்பட்டார். இடையிலிருந்த சிற்றூர்க் கடைக்காரர் நொடித்தார். அவர் நொடிக்கும் தருணத்திலே அவருக்காக 40 லட்சம் சதுர அடியில் 'மெர்ச்சண்டைஸ் மார்ட்' என்னும் மாபெரும் கட்டடத்தை ஃபீல்டு கம்பெனி 1930இல் கட்டி முடித்தது பெரும் பிழையாயிற்று. 1935இல் தலைமைக்கு அழைக்கப்பட்ட பேராசிரியர் ஜேம்ஸ் மக்கின்ஸி, மொத்த வியாபாரத்தை மூடி, நூற்றுக்கணக்கானோரை வேலையினின்று நீக்கினார். 1945இல் அக்கட்டடம், கட்டிய செலவுக்கு வெகு குறைந்த விலையில், ஜோஸப் கென்னடிக்கு விற்கப்பட்டது.

சில்லறை வியாபாரம் மேலும் பல காலம் தழைத்தது. புறநகர்களில் கிளைகள் பெருகின. 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த கார்ட்டர் ஹாலி ஹேல் கம்பெனி இதை விழுங்க முற்பட்டபோது, நிர்வாகிகள் தற்காப்புக்காக வெளிமாநிலங்களில் அவசரம் அவசரமாகக் கடைகளை வாங்கி விஸ்தரித்தனர். பகை விலகிற்று, பலவீனம் தங்கிற்று. 1982இல் முதலீட்டாளர் கார்ல் ஐகான் பங்குகளைத் திரட்டவே, அவரிடமிருந்து தப்பும் வழியாக, ஸ்தாபனம் பிரிட்டிஷ் சிகரெட் கம்பெனி ஒன்றின் வசமாயிற்று. வீழ்ச்சி, கடையின் பெயர் பறிபோன 2006இல் என்று பலரும் சொல்வர்; சிகாகோவுக்கு வெளியே சாவி போன 1982ஆம் ஆண்டையே நான் வீழ்ச்சியின் தொடக்கமாகக் கருதுகிறேன். அதன்பின் இக்கடை விலை சொல்லப்படும் பொருளாயிற்று.

1990இல் மின்னியாபொலிஸின் டேட்டன் ஹட்ஸன் கம்பெனி வாங்கிற்று. அக்கம்பெனி 2001இல், மின்னியாபொலிஸின் டேட்டன், டெட்ராய்ட்டின் ஹட்ஸன் என்ற இரு புராதனப் பெயர்களையும் அழித்து, அக்கடைகளுக்கெல்லாம் மார்ஷல் ஃபீல்டு என்று பெயரிட்டது. அவ்விரு நகரத்தாரின் மனவருத்தத்தைச் சிகாகோ அன்று பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2004இல் மே கம்பெனி 62 ஃபீல்டு கடைகளையும் வேறு சிலவற்றையும் 324 கோடி டாலருக்கு வாங்க, மறு ஆண்டு மே கம்பெனியையே ஃபெடரேட்டட் கம்பெனி வாங்கியது. நாடு முழுவதற்கும் 'மேஸிஸ்' என்ற ஒரே பெயர், ஒரே விளம்பரம் என்பது அதன் கொள்கை. 2006 செப்டம்பர் 9ஆம் தேதி, நானூறுக்கு மேற்பட்ட பிரதேசக் கடைகளோடு இதுவும் மேஸிஸ் ஆயிற்று. அன்று கடிகாரத்தின் அடியில் நூற்றுக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

புதிய உரிமையாளர் வாங்கியது கட்டடங்களையும் குத்தகைகளையும். பால்மர் காலந்தொட்டுத் திருப்பி வாங்கிக்கொண்ட ஒவ்வொரு துணியாலும் சேர்ந்த அபிமானத்துக்குப் பத்திரத்தில் இடமிருக்கவில்லை. அதற்கு விலாசமாயிருந்த பெயரைக் கழற்றியது வியாபார நோக்கிலும் தவறு என்றே முடிவு செய்கிறேன். 2018இல் அம்மாளிகையின் மேல்தளங்களும் விற்கப்பட்டன. மூலைகளில் பதித்த வெண்கலப் பலகைகளில் மட்டும் மார்ஷல் ஃபீல்டு அண்ட் கம்பெனி என்ற எழுத்துக்கள் அப்படியே இருக்கின்றன.