ஷாம்பு: பிசைதலும் பொட்டலமும்

முடி உதிர்வுக்கு எந்த ஷாம்பு நல்லது என்ற கேள்வியை இன்று கேளாத வீடு அரிது. அக்கேள்விக்கு விடை காண, அச்சொல்லின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவது பயன் தரும் என்று கருதுகிறோம்.

ஷாம்பு நம் நாட்டிலிருந்து சென்ற சொல். இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்துதல், பிசைதல்; அதன் ஏவல் வடிவமே 'சாம்போ'. பாட்னாவில் 1759இல் பிறந்து, கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றி, 1784இல் அயர்லாந்து சென்ற தீன் முகமது, பின்னாளில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலகம் நடத்தினார். மூட்டு வலிக்காரர்களின் உடலைப் பிசைந்து விடுவதே அங்கு 'ஷாம்பு'. அது குறித்து 1822இல் நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் அவரிடம் சிகிச்சை பெற்றனர். தலை கழுவுதல் என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழைய பொருளில் பார்த்தால், குற்றாலத்தின் எண்ணெய்த் தேய்ப்புதான் அசல் ஷாம்பு. உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, தோளையும் முதுகையும் பிசைந்துவிட்டு அருவிக்கு அனுப்பும் அந்தக் கைத்தொழிலுக்குப் புட்டி தேவைப்பட்டதில்லை. எண்ணெய்ப் பசை போக்கச் சீயக்காயும், உசிலை இலையை இடித்த அரப்பும் இருந்தன. இவற்றில் நுரையை உண்டாக்குவது 'சபோனின்' என்னும் இயற்கைப் பொருள்.

1930களில் அமெரிக்காவில் செயற்கை அழுக்குநீக்கியால் ஆன ஷாம்பு வந்தது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் வசதி படைத்தோரின் குளியலறைப் பொருளாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஏழைக்கும் எட்டும்படி சிறு உறைகளில் பொருளை அடைத்து விற்கலாம் என்ற எண்ணம் அவருடையது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மக்கள் 'வெல்வெட்' ஷாம்புவைப் பரப்பினர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால் புதிய உறை ஒன்று இலவசம் என்று அவர் அறிவித்தபோது சிற்றூர்க் கடைகளில் வியாபாரம் பெருகியது.

அன்று விலை பெற்ற காலி உறை, பின்னர் அருவிக்கரைப் பாறை இடுக்குகளில் குப்பையாகச் சேர்ந்தது. நுரையோ சிற்றாற்றில் கலந்தது. தென்காசி வழியாக ஓடித் தாமிரபரணியில் சேரும் ஆறு அது. கரையோரத்தில் வயல்களும் ஊர்களும் உள்ளன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்ததன் நியாயம் இதுவே. பிழைப்புக்கு எண்ணெய்த் தேய்ப்பை நம்பியிருந்தோருக்கு அது அடியாயிற்று என்பதையும் மறக்கலாகாது.

இனி முதற்கேள்வி. முடியின் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் கழுவிப் போகும் நுரை அதனை வளர்த்துவிடாது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. மிகுதியாக உதிர்ந்தால் பரம்பரை, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சல், பிரசவம் ஆகியவற்றுள் காரணத்தைத் தேட வேண்டும். பொடுகு மிகுந்தால் அதற்குரிய மருந்து கலந்த ஷாம்பு உதவும். மற்றபடி, எரிச்சல் தராமல் அழுக்கை நீக்கும் எளிய ஷாம்புவே போதும். விளம்பரம் சொல்லும் மீதி அனைத்தையும் ஐயத்தோடு கேட்பதே நலம்.

வாங்கியதை வீட்டுக் குளியலறையில் பயன்படுத்துவோம். அருவிக்கு வெறுந்தலையோடு போவோம். திரிகூட மலையிலிருந்து விழும் நீருக்கு நம் நுரை வேண்டியதில்லை.