டிரிவியல்: அற்பமா, வெளிப்படையா?

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவரைத் திகைக்க வைக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'டிரிவியல்' ஒன்று. அகராதி இதற்கு 'அற்பமான' என்று பொருள் கூறும். மேல்நிலைக் கணிதப் பாடநூலோ 'வெளிப்படைத் தீர்வு' என்று எழுதும். எது சரி? சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

இலத்தீனில் 'டிரிவியம்' என்றால் மூன்று வழிகள் கூடுமிடம். அதாவது நம் முச்சந்தி. முச்சந்தியில் கிடைப்பது எல்லோருக்கும் பொதுவானதல்லவா? ஆகவே அதிலிருந்து பிறந்த பெயரடை 'சாதாரணமான' என்று பொருள்பட்டது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி ஆகிய மூன்று தொடக்கப் பாடங்களுக்கும் இப்பெயரே வழங்கிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் 'முக்கியமற்ற' என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

அறிவியலில் இச்சொல் இகழ்ச்சியன்று. 'பார்த்தவுடன் விளங்குவது' என்பதே கருத்து. இரு முனையும் இறுக்கிய வீணைத் தந்தியின் அலைச் சமன்பாட்டுக்கு, 'இடப்பெயர்ச்சி எங்கும் சுழி' என்பதும் ஒரு தீர்வுதான். தந்தி அசையாமல் கிடக்கிறது என்று பொருள். இது வெளிப்படைத் தீர்வு. இதை ஒதுக்கிய பிறகு எஞ்சும் தீர்வுகளே அடிப்படைச் சுரத்தையும் மேற்சுரங்களையும் தருகின்றன.

எஞ்சியவற்றைக் காணாவிட்டால் என்ன ஆகும்? இதற்குச் சான்று சுவாமிமலைக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் வாழ்விலேயே உண்டு. 1913 ஜனவரி 16இல் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்று கணிக்கும் சூத்திரத்தைக் கண்டறிந்ததாகவும் கூறியிருந்தார். (100க்குள் 25 உள்ளன.) ஆனால் அவர் கருதிய அளவுக்கு அது துல்லியமாக அமையவில்லை.

காரணம் ஜீட்டா சார்பில் இருந்தது. பகா எண்களின் பரவலுக்கும் இச்சார்புக்கும் உள்ள உறவை ஜெர்மானியர் ரீமன் 1859இல் விளக்கியிருந்தார். −2, −4, −6 என்னும் எதிர்ம இரட்டை எண்களில் அச்சார்பு சுழியாகும். இவை வெளிப்படைச் சுழிகள். இவற்றைத் தவிரக் கலப்பெண்களிலும் எண்ணற்ற சுழிகள் உண்டு; பகா எண்களின் ஏற்ற இறக்கத்தை ஆள்பவை அவையே. கலப்பெண் சுழிகளே இல்லாவிட்டால் எப்படியோ, அப்படி அமைந்திருந்தது இராமானுஜனின் கொள்கை என்று ஹார்டி பின்னர் விளக்கினார். தக்க நூல்களும் ஆசிரியரும் கிட்டாத மேதைக்கு நேர்ந்த இழப்பு அது. அச்சுழிகளைப் பற்றிய ரீமனின் கருதுகோள் இன்றும் நிறுவப்படவில்லை.

ஆகவே பேச்சு வழக்கில் பிறர் உழைப்பை 'டிரிவியல்' என்றால் அது அவமதிப்பு. சமன்பாட்டின் தீர்வை அவ்வாறு சொன்னால் வெறும் வகைப்பாடு. வகுப்பில் இச்சொல்லைக் கேட்கும் மாணவர் கூச வேண்டியதில்லை. 'இது எவ்வாறு உடனே தெரிகிறது? இதைத் தவிர வேறு தீர்வு உண்டா?' என்று எழுந்து கேட்கலாம்.