தவநிலையும் சிறுவர் களரியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் விடாமுயற்சியைப் பயிற்றிய வரலாறு

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் போகும் நெடுஞ்சாலையில், வாவியோரமாக இருக்கிறது தன்னாமுனை. வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். தெற்கே நகரை அண்டிச் சீலாமுனை. கதை வழியாகப் பிள்ளைகளுக்கு மன உறுதியைப் பயிற்றும் முறை எப்படி மாறி வந்தது என்பதைத் தேட இந்த வட்டாரம் மிகப் பொருத்தமானது.

கிழக்கிலங்கையில் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டான கதை அருச்சுனன் தவம். இன்னும் தெற்கே, கல்முனையை அடுத்த பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் சடங்கில் ‘தவநிலை’ தனி நாளாகவே நடக்கிறது. வில்லிபாரதத்தின் தவநிலைச் சருக்கம் சொல்வது இது: பாசுபதம் என்ற அம்பை வேண்டி அருச்சுனன் தவமிருக்கிறான். பன்றி ஒன்றை எய்ததில், வேடனாக வந்த சிவனோடு வழக்காகிறது. அம்புகள் பயனற்றுப் போகின்றன. வில்லாலேயே அடிக்கிறான். அதன் பின்னும் விடாமல் வெறுங்கையோடு மற்போருக்கு நிற்கிறான். எதிரே நிற்பது யாரென்று அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரம் கிடைத்ததை மட்டும் சொல்லி இந்த இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். கதையின் உயிரே இங்குதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பள்ளிப் பாடநூலின் வழியைப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் அறக்கருத்தைப் பாடமாக நேரடியாகச் சொல்லின. பிள்ளை அதை மனனம் செய்தது.

கூத்தாடும் இடமான களரியின் வழி வேறு. ஆட்டக்காரருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டைக் கொடுக்கும் ‘சட்டங்கொடுத்தல்’ நாள் தொடங்கி மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டைச் சொல்ல, ஆட்டக்காரர் வட்டமாக அடி வைப்பார். கால் பிசகினால் வரவு (பாத்திரம் களரிக்குள் நுழையும் ஆட்டம்) மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் கைவந்த பிறகே சலங்கை கட்டுவார்கள். ஆனால் ஆடியவர்கள் வளர்ந்த ஆண்கள். சிறுவர் களரியோரம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. கூத்துக்குப் பெருமை வந்தது. நீண்ட பழக்கத்தின் கல்விப் பயன் அப்போது யார் கவனத்துக்கும் அதிகம் வரவில்லை. அந்த இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுருதான் பின்னர் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களை எழுதினார். அதற்கு முன்பே, 1978இல், யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ வழியாகச் சிறுவர் அரங்குக்குக் கால்கோளிட்டிருந்தார்.

உள்நாட்டு யுத்தம், பிள்ளைகளுக்கு மன உறுதியைப் பயிற்றும் தேவையைக் கூர்மையாக்கிற்று. மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக மண் பிசைந்து, வண்ணம் தீட்டி, தங்கள் கதைகளைத் தாங்களே கட்டினார்கள். இழப்பைக் கண்ட பிள்ளைக்குத் ‘தளராதே’ என்ற புத்திமதி போதாது என்பதை அந்தப் பூங்கா உணர்ந்திருந்தது.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ என்ற குழுவினரும் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தை முன்னெடுத்தபோது சிறுவர் கூத்தும் பிறந்தது. களரியோரம் இருந்த பிள்ளைகள் நடுவே வந்தார்கள், சிறுமிகளும் ஆடினார்கள். பழைய கதையில் எது நியாயம், எதை மாற்றலாம் என்று ஊரார் களரியிலேயே பேசினார்கள். அண்ணாவியாரின் பழக்கமுறை இப்படித்தான் பிள்ளைகளின் வயதுக்கு இறங்கி வந்தது. அது இன்னும் சிறிய பிள்ளைகளையும் எட்ட, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அதற்கு ஓர் இடம் கொடுக்கும் வேலை இன்னும் பாக்கி நிற்கிறது.