கரிபியன் கரையில் ஒரு சிதம்பரம்

கடல் கடந்து வாழும் தமிழரைப் பற்றிப் பேசும்போது மலாயாவையும் பர்மாவையும், நாத்தாலையும் மொரீசியசையும் பீஜியையும் நாம் குறிப்பிடுவது வழக்கம். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், கரிபியன் தீவுகளுள் ஒன்றாகிய குவாதலூப்பை நினைப்பவர் மிகச் சிலரே. பிரெஞ்சுக் குடியரசின் ஒரு பகுதியாக இன்றும் விளங்கும் அத்தீவிலே கப்பெஸ்தேர் என்றொரு கடற்கரைச் சிற்றூர் உண்டு. அதனைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கண்ணாற் கண்டவை சிலவே. அவ்வூரின் வரலாறாகக் கற்றதையே இங்கு மிகுதியாகக் கூற விரும்புகின்றோம்.

புவாந்த்-ஆ-பித்ர் என்னும் துறைமுகப் பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வீதியில் இடப்புறம் கடலும் வலப்புறம் மலையும் உடன்வருகின்றன. மலையென்றால் வெறும் மலையன்று. 1,467 மீற்றர் உயரமுள்ள சூபிரியேர் என்னும் எரிமலை அது. சரிவெங்கும் வாழைத் தோட்டங்கள். கமுகின் சாயலும் பனையின் உயரமும் கொண்ட மரங்கள் இரு மருங்கும் அணிவகுத்து நிற்கும் துமனுவார் சாலையைப் பிரயாணிகள் நின்று பார்த்துச் செல்கின்றனர். ஊருக்கு அண்மையிலுள்ள கரையிலே 1493ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி கொலம்பசு இறங்கினான். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டவன் அங்கிருந்த மக்களை இந்தியர் என்று அழைத்தான். உண்மையான இந்தியர் அத்தீவிற் கால்வைத்தது 361 ஆண்டுகள் கழித்தே.

அவர்கள் வந்த காரணத்தைச் சுருக்கமாகக் கூறலாம். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. குவாதலூப்பில் மாத்திரம் ஏறக்குறைய 87,000 ஆபிரிக்க மக்கள் விடுதலை பெற்றனர். அவர்களுட் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கினர். நீங்காதோர் நியாயமான கூலி கேட்டனர். தோட்ட முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. மலிவான கைகளைத் தேடி அவர்கள் பார்வை புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்றது. காரைக்காலம்மையார் அவதரித்த அப்பட்டினம் நமது பருத்தித்துறைக்கு வடக்கே, கடலுக்கு அக்கரையில் உள்ளது என்பதை நம் வாசகர்கள் அறிவர். அவ்விடத்து மக்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, மாதக் கணக்காகக் கடலிற் கிடந்து கரிபியனை அடைந்தனர். ‘ஓரெலி’ என்னும் கப்பல் முதற் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது 1854 டிசம்பர் 24இல். 1861இல் ஆங்கிலேயருடன் உடன்பாடு ஏற்பட்டபின் சென்னை, கல்கத்தாப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர் படும் துன்பம் காரணமாக 1888இல் ஆங்கில அரசு இதனை நிறுத்தியது. கடைசிக் கப்பல் 1889இல் வந்தது. இந்த 35 ஆண்டுகளில் வந்தோர் சுமார் 42,000 பேர். பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்களிக்கப்பட்டிருந்தும், நாலிலொரு பங்கினர்கூடத் திரும்பவில்லை. தோட்டத்திலே மாண்டவர் தொகை பெரிது.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் இலக்கம் உண்டு. பெயரும் தகப்பன் பெயரும் அதிற் குறிக்கப்பட்டன. தமிழறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். முத்துச்சாமி ‘முத்துசமி’யாகவும், வீரப்பன் ‘விரப்பென்’ ஆகவும், சிதம்பரம் ‘சிதம்பரோம்’ ஆகவும் மாறியது இவ்வாறுதான். தகப்பனின் பெயரே பின்னர் குடும்பப் பெயராய் நிலைத்தது. பிள்ளைகளின் சொந்தப் பெயர்களோ கத்தோலிக்கக் கோவிற் பஞ்சாங்கத்திலிருந்து வந்தவை. ஆகவே, ஹென்றி சிதம்பரம், ஏர்னெஸ்த் முத்துசாமி என்ற பெயர்களைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை.

ஹென்றி சிதம்பரம் என்று கூறியது வெறும் உதாரணத்துக்கன்று. இந்தப் பெயருடையவர் இதே கப்பெஸ்தேரிலே 1863ஆம் ஆண்டு பிறந்தவர். இவ்வூரை நாம் நாடிச் சென்றதும் இவர் பொருட்டே.

அக்காலத்து நிலையைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். விடுதலை பெற்ற ஆபிரிக்க மக்களுக்கு 1848இலேயே வாக்குரிமை வழங்கப்பட்டது. இடையிற் பறிக்கப்பட்டாலும் மூன்றாவது குடியரசுக் காலத்தில் மீண்டும் கிடைத்தது. அதே காலத்தில், 1871 முதல், புதுச்சேரி முதலிய பிரெஞ்சிந்தியப் பகுதிகள் பாரிசுப் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதியைத் தெரிந்து அனுப்பின. புதுச்சேரியில் இருந்துவிட்ட அண்ணனுக்கு வாக்கு உண்டு. கப்பலேறிப் போன தம்பியின் மகனுக்கு, அவன் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தவனாயினும், வாக்கு இல்லை! அந்நியரின் பிள்ளைகள் அந்நியரே என்பது அங்குள்ள அதிகாரிகளின் நிலை. மலையக மக்களின் குடியுரிமை வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1904ஆம் ஆண்டு, இந்தியரின் புதல்வர்களாய்க் குவாதலூப்பிற் பிறந்தோரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கவேண்டுமெனச் சிதம்பரம் வாதாடினார். தேசாதிபதி லா லுவயேர் பிரபு அதனை எதிர்த்தார். வழக்கு எழுந்தது. ஒரு பக்கம் அரசாங்கத்தின் முழுப்பலம். மறுபக்கம் ஒரு கடற்கரை ஊரின் மனிதர். அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கூக்குரலிட்டுக் கூட்டம் சேர்க்கும் வழியை அவர் நாடவில்லை. சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டு, கடிதமும் மனுவுமாக அலுவலகங்களுக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். இடையில் முதலாம் உலகப் போர் வந்து போயிற்று. தேசாதிபதிகள் மாறினர். அவர் மாறவில்லை. கடைசியாக 1923இல், புவன்காரே பிரான்சின் பிரதமராயிருந்தபோது, குவாதலூப்பிற் பிறந்த இந்திய வம்சத்தவர் பிரெஞ்சுக் குடிமக்களே என்பது ஏற்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள்! நம் இளைஞருட் பலருடைய வயதும் அவ்வளவே. (இவ்வெற்றி ஆண்களுக்கு மாத்திரமே பயன்பட்டது, பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944இலேதான் கிடைத்தது என்பதையும் மறைக்கலாகாது.) அவர் 1952இல், எண்பத்தொன்பதாம் வயதளவிற் காலமானார். 1946இல் குவாதலூப்பு பிரான்சின் ஒரு மாவட்டமாகச் சமநிலை பெற்றதையும் அவர் கண்டார்.

நிற்க. சமயத்தைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. கப்பெஸ்தேரில் பெருவீதியோரமாகச் சாங்கி என்னுமிடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. வெண்ணிறச் சுவர், அதன்மேல் வர்ணந்தீட்டிய தெய்வ உருவங்கள். தேவி மாரியம்மன், அவர்கள் வாயில் ‘மலியெமென்’. மதுரை வீரன் ‘மால்தெவிலென்’ ஆகிவிட்டான். பூசாரி ‘பூசாலி’. கடற்பயணிகளைக் காப்பவர் எனப் போற்றப்படும் நாகூர் ஆண்டவருக்கும் கொடிமரம் நாட்டுகின்றனர். அவரை மறக்காதது இயல்பே; நாகூர் காரைக்காலுக்கு அண்டைய ஊர், வந்தவர்களும் கடலுக்கு அஞ்சியே வந்தவர்கள். ஞாயிறன்று தேவாலயம், நேர்த்திக்கு மாரியம்மன் கோயில் என்று வாழ்வோரே அதிகம். கடாப் பலியும் உண்டு. நாவலர் பெருமான் கண்டித்த அவ்வழக்கம் நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும், குருமாரோ ஆகமமோ திருமுறை ஏடோ இன்றி, கரும்புக் காட்டுக்குள் கூலிகளாய் வந்தவர் தம் ஊரில் எதைக் கண்டனரோ அதையே காத்தனர். ஞானஸ்நானத்துக்கும் ஏளனத்துக்கும் நடுவே காத்தனர். அவர்களைக் குறைகூறு முன்னர், வசதியோடிருந்தும் நாம் எத்தனையைக் கைவிட்டோம் என்று கணக்குப் பார்ப்பது நன்று.

தமிழ்மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. வீட்டில் கிரியோல், பாடசாலையில் பிரெஞ்சு. பூசையிற் சொல்லும் தமிழைச் சொல்பவர்க்கே பொருள் தெரிவது அரிது. அம்மொழி எஞ்சி நிற்பது கோயிலிலும் அடுக்களையிலுமே. வேப்பிலை ‘வேப்பெலே’யாகவும் கறிவேப்பிலை ‘கலுப்பிலே’யாகவும் வாழ்கின்றன. சரக்குத்தூள் இட்டு ஆட்டிறைச்சியிலோ கோழியிலோ சமைக்கும் கறிக்குப் பெயர் ‘கொலம்போ’! உணவுச்சாலைப் பலகையில் அதனைக் கண்டதும் நம் தலைநகரந்தான் நினைவுக்கு வந்தது. குழம்பு என்னுஞ் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பார் உளர். கொழும்பு என்ற ஊர்ப்பெயரே அது என்பாரும் உளர். நமக்கு முதற் கூற்றே பொருத்தமாகப் படுகிறது. இன்று அக்கறியை இந்திய வம்சத்தவர் மாத்திரமன்றித் தீவு முழுவதுமே தன் தேசிய உணவாக உண்கிறது. கூலியைக் குறைக்க வந்தவர் என்று ஒருகாலத்தில் வெறுத்த மக்களின் சந்ததியாரும் அதனை விரும்பி உண்கின்றனர்.

இம்மக்களைப் பற்றிய ஆராய்ச்சியும் பிற்காலத்தில் வளர்ந்தது. புவியியலறிஞர் சிங்காரவேலு குவாதலூப்பு இந்தியரைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூல் 1975இல் வெளிவந்தது. மொழியியலறிஞர் அப்பாசாமி முருகையன் அங்கு வழங்கும் சமயத் தமிழை ஆராய்ந்துள்ளார். முன்னர் குறித்த ஏர்னெஸ்த் முத்துசாமி 1981இல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டு, பல ஆண்டுகள் அங்கத்தவராக இருந்தார். 2004இல் ‘ஓரெலி’ வந்த நூற்றைம்பதாம் ஆண்டு கொண்டாடப்பட்டது.

சிதம்பரம் தமது வழக்குப் பத்திரங்களையெல்லாம் திரட்டி ஒரு நூலாகவே விட்டுச் சென்றிருக்கிறார். ‘அரசியல் வழக்கு’ என்பது அதன் பெயர். தம் வாழ்க்கைச் சரிதையை அவர் எழுதவில்லை. மனுக்களையும், மறுமொழிகளையும், தீர்ப்புகளையும் அதிலே தொகுத்து வைத்தார். 1990இல் அது மறுபதிப்பாயிற்று. பிரெஞ்சு கற்கும் நம் வாலிபர் எவராயினும் அதனைத் தமிழிற் பெயர்த்துத் தருவாராயின் இம்மலரின் அடுத்த இதழில் அதற்கு இடம் உண்டு.