கை, தோள், முன்கை: சொல் வரலாறும் உறுப்பறிவும்

தமிழில் கை என்னும் சொல் குறிக்கும் உறுப்பு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்னும் வினா எளியதாகவே தோன்றும். 'கையில் என்ன இருக்கிறது?' என வினவுங்கால் அச்சொல் மணிக்கட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதியைக் குறிக்கிறது. 'கையை உயர்த்து' எனக் கூறுங்கால் தோள் முதல் விரல்நுனி வரையுள்ள உறுப்பு முழுவதையும் குறிக்கிறது. 'கை முறிந்தது' என்பது எதனைக் குறிக்கும்? மருத்துவமனைகளில் நாள்தோறும் ஒலிக்கும் இத்தொடர் ஒரு பக்கத்து 32 எலும்புகளுள் எதனையும் சுட்டக்கூடும். இச்சொல்லின் பரப்பினையும், அதன் உட்பிரிவுகளுக்கு முன்னோர் வழங்கிய பெயர்களையும், அப்பெயர்கள் உறுப்பறிவோடும் உறுப்புக்கு நேரும் ஊறுகளோடும் கொண்ட தொடர்பினையும் ஆராயப் புகுகின்றோம்.

இப்பரப்பினைத் தமிழின் குறையெனக் கருதுவார் சிலர். அக்கருத்து பொருந்தாது. கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றிலும் கை என்பதே வழக்கு. ககரம் சகரமாகத் திரிந்த தெலுங்குச் சேயியும் அதன் இனமே. உருசிய மொழியின் ரூக்கா என்னும் சொல்லும் இவ்வாறே உறுப்பு முழுமையையும் அதன் நுனிப்பகுதியையும் ஒருங்கே குறிக்கும். மேலும், யானையின் துதிக்கையையும் தமிழர் கை என்றனர். அதனால் அவ்விலங்கு கைம்மா எனப்பட்டது. எலும்பே இல்லாத ஓருறுப்பு இப்பெயர் பெற்றமையால், பற்றுதலும் எடுத்தலுமாகிய தொழிலை நோக்கியே இச்சொல் அமைந்தது எனக் கொள்ளலாம். எலும்பினை எண்ணிப் பிரித்தல் பிற்காலத்துத் தேவை.

தோள் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் நுணுகி நோக்கற்பாலது. இன்று அச்சொல்லைக் கேட்கும் மாணவர் கழுத்துக்கும் கைக்கும் இடைப்பட்ட மூட்டினையே கருதுகின்றனர். பழந்தமிழில் நிலைமை வேறு. மகளிர் தோளுக்கு மூங்கிலை உவமித்தல் அகப்பாடல் மரபு. உருண்டு திரண்டு நீண்ட மூங்கிற்கணுவிடை ஒரு மூட்டுக்கு உவமையாதல் இல்லை, மேற்கைக்கே அது பொருந்தும். தோள்வளை அணியப்பட்ட இடமும் மேற்கையே. முருகனைப் பன்னிரு தோளுடையான் என்றும், இராவணனை இருபது தோளுடையான் என்றும் கூறும் வழக்கில் தோள் என்பது கை முழுவதற்கும் நிற்கிறது. ஆகவே தோள் என்பது மூட்டையும் மேற்கையையும் உள்ளடக்கி வழங்கிப் பின்னர் மூட்டளவிற் சுருங்கியது என்பது எம் கருத்து. இச்சுருக்கத்தால் நேர்ந்த இழப்பு யாதெனின், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி மக்கள் வழக்கில் நிலைத்த தனித்தமிழ்ப் பெயரின்றி நின்றதேயாம். புயம் என்னும் வடசொல் அவ்விடத்தை ஓரளவு நிரப்பிற்று.

முழங்கைக்குக் கீழுள்ள பகுதிக்கு முன்கை என்னும் பெயர் சங்க காலம் தொட்டு உண்டு. தொடி அணியும் இடம் அது. திருக்குறளின் 124ஆம் அதிகாரமாகிய உறுப்புநலன் அழிதலில் தோள் மெலிதலும் தொடி சோர்தலும் பிரிவுத் துன்பத்தின் அடையாளங்களாக வருகின்றன. இதனை வெறும் கவிமரபு என ஒதுக்குதல் வேண்டா. உடல் மெலியுங்கால் மேற்கையின் சுற்றளவு குறைதல் கண்கூடு; ஊட்டக்குறைவினை அறிய இன்றும் குழந்தைகளின் மேற்கை நடுச்சுற்றளவை நாடாவால் அளக்கின்றனர். வளை நெகிழ்தலைக் கண்டு மெலிவை உணர்ந்த தோழியும் அதே பகுதியையே நோக்கினாள்.

அளவைப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்னும் வாய்பாட்டில் கையே அளவுகோல். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த பதினாறு சாண் கோல் குறிக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் செப்புத்திருமேனிகளின் உயரத்தை விரலாலும் தோரையாலும் கூறுகின்றன. முழம் அளக்கும் கை முழங்கை. இலத்தீனில் உல்னா என்பது முழங்கையையும் துணியளக்கும் அளவையையும் குறித்துப் பின்னர் முன்கையின் சிறுவிரற்பக்கத்து எலும்புக்குப் பெயராயிற்று. வடமொழி அரத்தினி என்பதும் முழங்கைக்கும் முழத்திற்கும் பொது. தமிழோடு இனத்தொடர்பற்ற மொழிகளிலும் இவ்வாறு நிகழ்ந்திருத்தல் காண்க.

விரல்களின் இயக்கத்தைத் தமிழில் நுட்பமாக விளக்கிய பனுவல் எது? மருத்துவ நூல்களில் தேடுவார்க்கு வியப்பாக, அது நாடகத் தமிழ் உரையொன்றில் உள்ளது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், ஒற்றைக் கைகளை 33 என்றும் இரட்டைக் கைகளை 15 என்றும் வகுத்து, ஒவ்வொன்றிலும் எவ்விரல் நிமிரும், எவ்விரல் முடங்கும் என மேற்கோளோடு கூறிச் செல்கிறார். பெருவிரல் மடங்க ஏனைய நான்கும் ஒட்டி நிமிர்வது பதாகை. அந்நிலையில் அணிவிரலும் முடங்கினால் திரிபதாகை.

இவ்விரண்டாம் கை பயிலும் மாணவியர்க்கு இடர் தருவது என்பதனை ஆடலாசிரியர் அறிவர். அதன் காரணத்தை உடற்கூற்றியல் தெளிவாகச் சொல்கிறது. விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசை இல்லை. மடக்கும் தசைகளுட் பெரியன முன்கையில் உள்ளன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்று பற்றுகின்றன. சுட்டுவிரலுக்கும் சிறுவிரலுக்கும் நீட்டும் தசை தனியே ஒவ்வொன்று கூடுதலாக உண்டு, அணிவிரலுக்கு இல்லை. அதன் நாண் அண்டை விரல்களின் நாண்களோடு இணைப்புகளாற் பிணைந்தும் இருக்கிறது. எனவே அது தனித்தியங்க அரிதின் முயல வேண்டும். உரையாசிரியர் தசைநாணை அறிந்திலர்; ஆயினும் எவ்விரல் எதனொடு சேர்ந்து இயங்கும் என்பதனைப் பயிற்சியால் கண்டோர் வகுத்த பகுப்பு அது. விரலின் இயக்கம் முன்கையில் தொடங்குகிறது என்னும் இவ்வுண்மை பின்னர்க் கூறப்படும் ஊறுகளை உணர்தற்கும் இன்றியமையாதது.

ஊறுகளை நோக்குவோம். சுசுருதம் மூட்டு விலகலை 6 வகையாகவும் எலும்பு முறிவை 12 வகையாகவும் பகுத்துள்ளது. தமிழ் வழக்கில் சுளுக்கு, பிசகு, நழுவல், விரிசல், முறிவு என்னும் சொற்கள் உள. தென்தமிழ்நாட்டு வர்ம மரபு கையின் நிலைகளைப் பெயரிட்டு, மணிக்கட்டில் ஒன்றை மணிபந்த வர்மம் என்கிறது. மணிக்கட்டு, மணிபந்தம் என்னும் இரண்டும் மணி கட்டும் இடம் என ஒரே பொருளின.

மாந்தர் விழுங்கால் கையை நீட்டி ஊன்றுதல் இயல்பு. ஊன்றிய உள்ளங்கையிற் பட்ட விசை மேனோக்கிச் சென்று, அகவைக்கேற்ப வெவ்வேறிடத்தில் ஊறு விளைக்கிறது. சிறுவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிகிறது. இளைஞர்க்கு மணிக்கட்டில் பெருவிரற்பக்கத்துள்ள படகு வடிவச் சிற்றெலும்பு முறிதலும், தோள்மூட்டு முன்புறமாக விலகுதலும் உண்டு. முதியோர்க்கு, சிறப்பாக எலும்புறுதி குறைந்த மகளிர்க்கு, முன்கை எலும்பின் கீழ்முனை முறிகிறது. டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிசு 1814இல் இக்கடைசி முறிவை விளக்கி எழுதினார்; அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டது 1895இல். அவ்வாண்டு அவர் தம் மனைவியின் கையை, அணிவிரல் மோதிரத்தோடு, படமாக்கினார். காலிசோ அதற்கு எண்பது ஆண்டு முன்னரே கண்ணாலும் விரலாலும் தொட்டறிந்து எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

படகெலும்பு முறிவில் சொல்லே தீங்கு செய்கிறது. வீக்கம் சிறிது, கையும் ஓரளவு இயங்கும். ஆதலின் அது சுளுக்கு எனப் பெயர் பெற்று, எண்ணெய் தடவி நீவப்படுகிறது. அவ்வெலும்புக்குக் குருதி பெரும்பாலும் விரற்பக்கத்து முனை வழியாகவே நுழைவதால், முறிந்த மறுபாதி ஊட்டமின்றி அழியக்கூடும். பெருவிரலை விரித்து நிமிர்த்துங்கால் அதன் அடியில் தோன்றும் குழியில் அழுத்தினால் வலிக்குமாயின், அதனைச் சுளுக்கு என்று தள்ளாது படமெடுத்துப் பார்த்தல் வேண்டும்.

சிறுவர் முறிவின் வரலாறு துயரமானது. மூங்கிற்பத்தை வைத்துக் கட்டுதல் நம் நாட்டு எலும்பு வைத்தியர் கையாளும் முறை. ஆந்திர மாநிலத்துப் புத்தூர்க் கட்டு தமிழகமெங்கும் பெயர் பெற்றது. இம்முறையாற் குணமுற்றோர் பலர். அதனை இகழ்தல் எம் நோக்கமன்று. ஆயினும் முழங்கையருகே முறிந்த கையில் வீக்கம் பெருகும்போது இறுகக் கட்டிய கட்டு முன்கைக்குச் செல்லும் குருதியைத் தடுக்கும்; சில மணிநேரத்தில் தசைகள் மடியும். விரல்கள் உள்நோக்கி மடங்கி அவ்வாறே நின்றுவிடும். இந்நிலையை செருமானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் இறுகிய கட்டோடு தொடர்புபடுத்தி விளக்கினார். முறிந்தது முழங்கை, முடங்கியது விரல். கட்டிய பின் விரலை நீட்டினால் பெருவலி எழுதலும், விரல் மரத்தலும் வெளிறலும் கட்டினை உடனே அவிழ்க்க வேண்டிய அறிகுறிகள். மருத்துவமனையின் மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

இவ்வறிவைத் தமிழில் எழுத முற்பட்டோருள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அவர், பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அவர் முயற்சியால் 1867இல் இரணவைத்தியமும் 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன. இப்பின்னைய பெயர் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய அமைப்பை நினைவூட்டுவது. புதிய கலைக்குப் பழகிய வாயில் ஒன்றைத் திறந்து வைத்த அறிவுடைமையை அதிற் காண்கின்றோம்.

பிற்காலக் கலைச்சொற்களுள் காறை எலும்பு என்பது எமக்கு மிக உவப்பானது. இலத்தீன் பெயர் சிறு திறவுகோல் எனப் பொருள்படும்; தமிழ்ப் பெயரோ காறை என்னும் கழுத்தணி கிடக்கும் இடத்தையே தொட்டுக்காட்டுகிறது. ஆரை எலும்பு என்பது ஆரக்கால் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரின் மொழிபெயர்ப்பு. தவறில்லை, ஆனால் நோயாளிக்கு எதனையும் உணர்த்தாது. எலும்புப் பெயர்களை மருத்துவர் எவ்வாறேனும் வழங்குக. நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே வழங்க வேண்டியவை மேற்கை, முன்கை, மணிக்கட்டு, புறங்கை, உள்ளங்கை என்னும் இடப்பெயர்கள். பாடநூல்கள் சிலவற்றில் இவற்றையும் நீக்கிப் புதுச்சொல் புனைவது வேண்டாத வேலை.

ஓருறுப்பின் ஊறு பிறிதோரிடத்தில் தோன்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலத்தார் எண்ணம். உணர்ச்சியற்ற விரல்களில் நோயாளி அறியாமற் படும் தீப்புண்ணும் வெட்டும் தேய்வுமே அழிவுக்குக் காரணம் என அவர் நிறுவினார். அணிவிரலும் சிறுவிரலும் பறவைநகம் போல் வளைதற்கு, முழங்கையின் உட்புற எலும்புமுடிச்சின் பின்னே தோலுக்கடியிற் செல்லும் நரம்பு தாக்கப்படுதலே காரணம். நாம் முழங்கையை இடித்துக்கொள்ளுங்கால் சிறுவிரல் வரை மின்னுவது இந்நரம்பினாலேயே. பிராண்டு கையாண்ட அறுவை முறைகளுள் ஒன்றில், மணிக்கட்டை நிமிர்த்தும் முன்கைத் தசை ஒன்றன் நாண் பிரிக்கப்பட்டு, காலிலிருந்து எடுத்த நாணால் நீட்டப்பட்டு, நான்கு கிளைகளாக நான்கு விரல்களிலும் இணைக்கப்பட்டது. அறுவைக்குப் பின்னர் நோயாளி மணிக்கட்டை நிமிர்த்த எண்ணி அவ்வெண்ணத்தால் விரலை இயக்கப் பல வாரங்கள் பயில வேண்டியிருந்தது.