ஆஸ்டின் சாலையின் இரு கரைகள்

சிகாகோ மாநகரின் மேற்கு எல்லையில் ஆஸ்டின் பூல்வார்டு என்றொரு சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. அதன் கிழக்கே சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. மேற்கே ஓக் பார்க் என்னும் தனி ஊர். எழுத்தாளர் ஹெமிங்வே பிறந்தது அந்த ஊரில்தான். 1960இல் இரு கரையிலும் அநேகமாக வெள்ளையர்களே குடியிருந்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், கிழக்குக் கரையிலிருந்து வெள்ளையர்கள் தெருத் தெருவாகக் கிளம்பிப் போயிருந்தார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மேற்குக் கரையிலோ இரு இனத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு சாலை.

யார் எங்கே வாழ விரும்பினார்கள் என்பதை வைத்து மட்டும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. சிகாகோவின் இனப் பிரிவினை பத்திரங்களால் எழுதப்பட்டது. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கிரயப் பத்திரங்களிலேயே நிபந்தனை இருந்தது. 1937இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வணிகர் அப்படிப்பட்ட ஒரு தெருவில் வீடு வாங்கிக் குடியேறினார். ஜன்னல் வழியே பாய்ந்து வந்த கல், சிறுமியாக இருந்த அவருடைய மகள் லொரெய்ன் மீது மயிரிழையில் படாமல் போனது. அவர் குடியேறியதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் ஹான்ஸ்பெரி வென்றார். ஆனால், இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு வர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்வீச்சுக்குத் தப்பிய அந்த மகள்தான் பின்னாளில் ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு வாங்குவதையே கருவாக்கி நாடகம் எழுதிப் புகழ்பெற்றார்.

பத்திரம் போனாலும் வங்கி இருந்தது. 1934இல் உருவான மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடன்களுக்கு அரசுக் காப்பீடு தந்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை அது ஒதுக்கிவைத்தது. காப்பீடு இல்லாத இடத்தில் வங்கிகள் கடன் தரவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தார்கள் ஊக வணிகர்கள்.

அவர்கள் நடத்திய தவணை ஒப்பந்த விற்பனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மிசிசிப்பியிலிருந்து வந்த ஒருவர் 1961இல் சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதியில் 27,500 டாலருக்கு வீடு வாங்கினார். விற்றவர் சில மாதங்களுக்கு முன் அதே வீட்டை 12,000 டாலருக்குத்தான் வாங்கியிருந்தார். வாங்கியவர் முன்பணம் கொடுத்தார், மாதத் தவணை கட்டினார், கூரை ஒழுகினால் தானே சரிசெய்தார், வரியும் செலுத்தினார். கடைசித் தவணை வரை பத்திரம் மட்டும் அவர் பெயருக்கு வராது. ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். அதே வீடு இன்னொரு குடும்பத்துக்கு மீண்டும் விலைபோகும். 1950களிலும் 60களிலும் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இந்த முறையால் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை இழந்ததாக 2019இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. இதற்குக் கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

வெள்ளையரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வீடு கிடைக்க வேண்டுமே? அதற்குப் பீதி கிளப்பினார்கள். வெள்ளையர் தெருவில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கக் கறுப்பினப் பெண்களைத் தரகர்கள் கூலிக்கு அமர்த்தினார்கள். கறுப்பினப் பெண்களிடையே வழங்கும் ஒரு பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று தவறான எண்ணுக்கு அழைப்பதுபோலத் தொலைபேசியில் கேட்டார்கள். ஒரு புல்வெளியில் 'விற்பனைக்கு' என்ற பலகை முளைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் இழந்தார்.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நார்த் லான்டேலில் ஒரு வாடகைக் குடியிருப்பில் குடிபுகுந்து, இனம் பாராமல் எவரும் எங்கும் வீடு பெறும் திறந்த வீட்டுவசதிக்கான போராட்டத்தைத் தொடங்கினார். ஆகஸ்ட் 5ஆம் நாள் மார்க்கெட் (Marquette) பார்க் ஊர்வலத்தில் கல் பட்டு முழங்காலிட்டு விழுந்தார். அந்த மாதமே நகரத் தலைவர்களோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பெருநகர்ப் பகுதி முழுவதும் வீட்டுவசதியைத் திறந்துவிடப் பாடுபட ஒரு தலைமைக் குழு அமைந்தது. கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது.

சட்டம் வந்ததும் கதவுகள் திறந்துவிடவில்லை. 'இப்போதுதான் வாடகைக்குப் போய்விட்டது' என்று புன்னகையோடு சொல்பவரை எப்படிப் பிடிப்பது? அதற்கு இணைச் சோதனை பயன்பட்டது: ஒரே வருமானம், ஒரே வேலை சொல்லிக்கொண்டு முதலில் ஒரு கறுப்பினத்தவர் போவார், சிறிது நேரத்தில் ஒரு வெள்ளையர் போவார், யாருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்வார்கள்.

அரசே கட்டிய வீடுகளின் கதையும் இதுதான். சிகாகோ வீட்டுவசதி ஆணையத்தின் குடும்பக் குடியிருப்புகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் கறுப்பினத்தவர் பகுதிகளில்தான் இருந்தன என்று 1969இல் ஒரு வழக்கில் நீதிபதி ரிச்சர்ட் ஆஸ்டின் கண்டார். வழக்குக்குப் பெயர் தந்த டொரொதி காட்ரோ அந்தத் தீர்ப்பைக் காணாமல் முந்தைய ஆண்டே இறந்துபோனார். 1976இல் உச்ச நீதிமன்றம், புறநகர்களிலும் தீர்வு தேடலாம் என்றது. அந்தத் தீர்வின்படி 1998 வரை ஏறத்தாழ 7,100 குடும்பங்கள் வாடகை உதவியோடு இடம் மாறின. புறநகர் போன பிள்ளைகள், நகருக்குள் இடம் மாறிய பிள்ளைகளைவிட அதிகமாகக் கல்லூரியை எட்டினார்கள் என்று சமூகவியலாளர் ஜேம்ஸ் ரோசன்பாமின் ஆய்வு காட்டியது.

இனி அந்தச் சாலைக்கு வரலாம். ஓக் பார்க்கும் புனிதமான ஊர் அல்ல. 1950இல் வேதியியல் அறிஞர் பெர்சி ஜூலியன் அங்கே வீடு வாங்கியபோது, குடிவருமுன்பே தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டு வெடிகுண்டு வீசினார்கள். அதே ஊர் 1968இல் திறந்த வீட்டுவசதிக்குச் சட்டம் இயற்றியது. 1972இல் 'விற்பனைக்கு' பலகைகளுக்குத் தடை விதித்தது. அத்தகைய தடை செல்லாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் இன்னோர் ஊரின் வழக்கில் சொன்ன பிறகும், இங்குள்ள தரகர்கள் பலகை வைக்காமலே தொழில் செய்தார்கள்.

அதே 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் வீட்டுவசதி மையத்தைத் தொடங்கினார். வாடகைக்கு வீடு தேடி வருபவரை உட்காரவைத்துப் பேசி, அவர் தானாக நினைத்திராத தெருவையும் பார்க்கச் சொல்வதுதான் அதன் வேலை. வெள்ளையரை ஆஸ்டின் சாலையோரக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். கறுப்பினத்தவரை ஊரின் மற்றப் பகுதிகளுக்கு. ஆளின் நிறம் பார்த்து வழிகாட்டுவது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆனால் தரகர்களும் நிறம் பார்த்தே வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள், பிரிப்பதற்காக.

வீட்டு விலை சரியுமோ என்ற அச்சத்துக்கும் மருந்து வைத்திருந்தார்கள். 1978இல் தொடங்கிய திட்டத்தில் பதிந்து ஐந்தாண்டு கழித்து நட்டத்துக்கு விற்க நேர்ந்தால், இழப்பில் 80 விழுக்காட்டை ஊர் ஈடுகட்டும். ஓடிப்போக நினைத்தவருக்கு இருந்து பார்க்கலாம் என்ற துணிவை அது தந்தது. அதற்கும் முன்பே, 1975இல், தானும் விலகப்போவதில்லை என்று காட்டுவதுபோல ஊராட்சி தன் புதிய அலுவலகத்தையே ஊரின் கிழக்குப் பக்கத்தில், ஆஸ்டின் சாலைக்கு அருகே, மாடிசன் தெருவில் கட்டியது.

எதிர்க்கரையிலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். கூட்டம் போட்டார்கள், பீதித் தரகர்களை எதிர்த்து மனு எழுதினார்கள். ஆனால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஆஸ்டின், சிகாகோவின் ஒரு பகுதி மட்டுமே. சுமார் 60,000 பேர் கொண்ட ஓக் பார்க்குக்குச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் மன்றம் இருந்தது, வரிப்பணம் இருந்தது, காவல்துறை இருந்தது. ஆஸ்டின்காரர்கள் எதற்கும் நகர மாளிகையிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.