தாம்பரம் தோட்டங்களும் தேங்கும் மழைநீரும்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். தோட்டம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஆனால் செடிகளோ தண்ணீரே காணாதவை போல வாடித் தொங்கும்! பப்பாளிதான் முதலில் போகும். அடுத்து மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கை... செடி வாடியிருக்கிறதே என்று மேலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு.

வேருக்கும் மூச்சு வேண்டும் என்பதே இதற்குக் காரணம். மண் துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் வேர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மூச்சில்லாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே வெள்ளத்தில் நிற்கும் செடி தாகத்தால் சாகிறது.

ஆனால் அதே மழை பெய்த கிழக்குத் தாம்பரத்தின் மேட்டுப் பகுதிகளில் செடிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான். இதைப் புரிந்துகொள்ள இந்த மண்ணின் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் பல்லாவரம் மலைகளின் தொடர்ச்சி. சரளையும் செம்மண்ணும் கலந்த சரிவு நிலம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தின் இத்தகைய சரளைக் குழி ஒன்றில்தான். 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டை ஒட்டிய இடத்துக்குக் குடிபெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தை மரங்கள் நிறைந்த சோலையாக்கினார். (வேதியியல் ஆசிரியர் தாவரங்கள் மேல் காதல் கொண்டது அந்த வளாகத்தின் அதிர்ஷ்டம்!) மேட்டுச் சரளையில் மழைநீர் இறங்கிவிடும், அல்லது ஓடிவிடும். ஆனால் கிழக்கு முழுவதும் மேடு என்று எண்ணிவிடக் கூடாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று அங்கேயும் ஏரிகள் உண்டு. அவற்றின் கீழே இருந்தவையும் வயல்கள்தாம்.

மேற்கில் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், முடிச்சூர் என வரிசையாக ஏரியும் வயலுமாக இருந்த பூமி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். கடைசியில் அடையாற்றில் சேரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற மணிமங்கலம் இதுதான். போர் ஒரு முறை நடந்தது. சேற்றுழவோ வருடா வருடம் நடந்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. நெல்லுக்காக மண்ணைத் தண்ணீரில் குழைத்து, மிதித்து, திரும்பத் திரும்ப உழுதால் உழவடியில் ஒரு கெட்டி அடுக்கு உண்டாகும். நீர் கீழே இறங்காமல் தாங்குவதே அதன் வேலை. நெல்லுக்குத் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் இருப்பதால் அது சேற்றிலும் மூச்சு விடும். மல்லிகையால் முடியுமா?

அன்றைய ஊரார் இதை அறிந்தே நன்செய், புன்செய், தோட்டம் என்று நிலத்தைப் பிரித்தார்கள். செங்கல்பட்டுக்கு மேற்கே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் (கி.பி. 921) கல்வெட்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என இரண்டைத் தனித்தனியே சொல்கிறது. குடவோலை முறைக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டும் கல்வெட்டு அது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்ற கணக்கைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள்!

நன்செய் நிலத்திலேயே தோட்டம் போட வேண்டிய இடத்துக்கும் தமிழரிடம் ஒரு வழி இருந்தது. அதுதான் வெற்றிலைக் கொடிக்கால். கும்பகோணம் பக்கம் காவிரிப் படுகையில் பார்க்கலாம். ஆழமாக வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை இருபுறமும் ஏற்றி மேட்டுப்பாத்தி அமைப்பார்கள். மேட்டில் அகத்தி வளரும், அதில் வெற்றிலை படரும். நீர் வாய்க்காலோடு போகும், வேர் நனைந்தாலும் மூழ்காது. மெக்சிகோவில் ஏரிக்குள்ளேயே மண் மேடிட்டுப் பயிர் செய்த சினாம்பா தோட்டங்களும் இதே கணக்குதான்.

1931-ல் தாம்பரத்துக்கு மின்ரயில் வந்தது. பிறகு மெல்ல மெல்ல வயல்கள் மனைகளாயின. வரப்பை அழித்துக் கல் நட்டாயிற்று. ஆனால் அடியில் இருந்த கெட்டி அடுக்கு எங்கும் போகவில்லை. வீட்டை மண் கொட்டி உயர்த்தினார்கள். தோட்டம் பழைய வயல் மட்டத்திலேயே நின்றது. சாலையோ ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்தது. போதாததற்குச் சுற்றிலும் மதில் சுவர். உண்மையில் அது புது வரப்பு! வயலுக்காவது மடை இருந்தது. பல மதில்களில் ஒரு துவாரம்கூடக் கிடையாது.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரில் மக்களைப் படகில் மீட்டார்கள். எல்லாப் பழியும் செம்பரம்பாக்கம் ஏரி மேல் விழுந்தது. ஆனால் அதன் உபரிநீர் அடையாற்றில் சேருவது முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலை அருகில். முடிச்சூருக்கு வந்தது மேலே உள்ள ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து நீர். அது தன் பழைய வயலுக்கே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது.

உயிர்ச் சேதமும் வீட்டு நஷ்டமும் பேசப்பட்ட இடத்தில் செடிகளைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனாலும் வாழைக்கும் மல்லிகைக்கும் இங்கே செய்யக்கூடியது கொடிக்கால்காரர் செய்ததேதான். நடும்போதே ஒரு முழம் உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வெயிலில் கட்டிய வட்டப் பாத்தியை மழைக்கு முன் உடைத்துவிட வேண்டும். மேடுகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, மதிலில் மடை போல ஒரு துளை விட்டு அதில் சேர்க்க வேண்டும். நீர் வடிந்த பின் ஈர மண்ணை மிதிக்கக் கூடாது. மிதித்தால் மறுபடி சேற்றுழவுதான். மேல்மண் உலர்ந்ததும் லேசாகக் கொத்திவிடலாம். புதுத் துளிர் காணும் வரை உரம் வேண்டாம்.

இதெல்லாம் செய்ய முடியாத தாழ்வான மூலையில் சேம்பும் பொன்னாங்கண்ணியும் வைக்கலாம். வயல் வாய்க்கால் ஓரத்தில் அவை முன்பே இருந்தவைதாம்.